பழைய காருக்குப் பழைய ரேடியோ: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ரேடியோ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாய்விட்டுவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்ததை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் மெக்கானிக் இல்லை. பெரம்பூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் ரகம்) ரிப்பேர் பார்க்கிறவன். அப்பா விட்டுப்போன 1964 அம்பாசடர் ஒன்று வாசலில் நிற்பதால் கார் ரேடியோ பக்கமும் கை போனது, அவ்வளவுதான்.

ஆதம்பாக்கத்திலிருந்து: என்னிடம் 1965 அம்பாசடர் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த ஒரிஜினல் ரேடியோ எந்த மாடல்? அதுதான் எனக்கு வேண்டும்.

சார், நீங்கள் தேடுகிற அந்த ஒற்றை மாடல் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கார் என்றால் கதை வேறு, ஜெனரல் மோட்டார்ஸுக்கு டெல்கோ என்று காரோடு சேர்ந்தே ரேடியோ வரும், நம்பர் பார்த்துத் தேடலாம். நம் ஊர் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பெரும்பாலும் காரை எடுத்த பிறகு, கையில் காசு இருந்தவர் தனியாக வாங்கி மாட்டியதுதான் ரேடியோ. அப்போது அதற்குத் தனியாக லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டியிருந்தது. அதனால் கேள்வியையே மாற்றிக் கேளுங்கள்: 1965-ல் மெட்ராஸில் ஒருவர் கடைக்குப் போனால் எதை வாங்கியிருக்க முடியும்? பிலிப்ஸ் வாங்கியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த ரேடியோமொபைலோ மோட்டரோலாவோ பிளாபுங்க்டோ வைத்திருக்கலாம். இதில் எது மாட்டினாலும் தப்பில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் அடித்து டேஷ்போர்டின் அடியில் பாருங்கள். பழைய பிராக்கெட்டின் திருகு ஓட்டை, பெயின்ட் வெளிறாமல் புதிதாக இருக்கிற ஒரு சதுரம், முன் மட்காடில் ரப்பர் மூடி போட்டு அடைத்த ஆன்டெனா ஓட்டை, இதில் ஏதாவது ஒன்று இருக்கும். என் காரில் இருந்த இரண்டு திருகு ஓட்டைகளின் இடைவெளியை அளந்து, அந்த அளவை ஒரு அட்டைத் துண்டில் குறித்து, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் அந்த அட்டைக்குப் பொருந்தியது ஒரு பிலிப்ஸ்.

கொளத்தூர்: கடைக்காரர் "இது அறுபதுகளில் வந்தது" என்கிறார். எப்படி நம்புவது?

அவரை நம்பாதீர்கள், டயலை நம்புங்கள். கேசி என்று, அதாவது கிலோசைக்கிள் கணக்கில் போட்டிருந்தால் பழசு. கிலோஹெர்ட்ஸ் என்ற பெயரை உலக அளவில் ஏற்றுக்கொண்டதே 1960-ல், டயல்களில் அது பரவலாக வர மேலும் சில வருஷம் ஆனது. அப்புறம் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே முழுக்க வால்வும், தகர டப்பி மாதிரி வைப்ரேட்டரும் (வால்வுக்கு வேண்டிய அதிக வோல்ட்டுக்காகப் பேட்டரிக் கரன்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும் பாகம்) இருந்தால் ஐம்பதுகளின் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன வால்வுகளோடு கடைசியில் ஒரே ஒரு பெரிய டிரான்சிஸ்டர் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஐம்பதுகளின் கடைசி அல்லது அறுபதுகளின் ஆரம்பம். அந்தக் கலப்பு ரகம் கொஞ்ச காலம்தான் வந்தது, ஈசிஎச் 83 போன்ற வால்வுகள் 12 வோல்ட்டிலேயே ஓடும், வைப்ரேட்டர் தேவையே இல்லை. முழு டிரான்சிஸ்டர் என்றால் அதற்கும் பிறகு. சென்னையில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கியதே 1977-ல், ஆகவே 1965 காரில் எஃப்எம் டயல் இருந்தால் விஷயம் தெரிந்தவர் கண்ணை உறுத்தும்.

அண்ணா நகர்: 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன் அண்ணே. ஆன்லைனில் ஒரு ரேடியோ கிடைத்தது, அப்படியே மாட்டலாமா?

தம்பி, நில்லுங்கள். வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். உங்கள் ஹெரால்டு நம்ம வண்டலூர்ப் பக்கம் தயாரானதுதான், ஆனாலும் அதன் வம்சம் இங்கிலாந்து. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த இங்கிலாந்து வம்சக் கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பிளஸ் முனை பாடிக்குப் போவது, மிகச் சகஜம். 1967 என்பது இரண்டுங்கெட்டான் வருஷம், பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஃபியட் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி பொதுவாக இல்லை, அது நெகட்டிவ் எர்த். ஆனால் புத்தகத்தில் என்ன இருந்தாலும் உங்கள் பேட்டரியில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு, ஏனென்றால் நடுவில் யாராவது டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டிருந்தால் அப்போதே எர்த்தையும் மாற்றியிருப்பார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் வாங்கிய கார் ரேடியோ நெகட்டிவ் எர்த். என் அம்பாசடர் பாசிட்டிவ். ரேடியோவின் தகர உடம்பே எர்த் என்பது எனக்குத் தெரியும், இருபது வருஷமாக ரேடியோ பார்க்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆசையில் யோசிக்கவில்லை. வயரைச் சொருகினேன், டயல் பல்பு அழகாக எரிந்தது, பல்புக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதானே. ஐந்து வினாடியில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இனிப்பும் கசப்புமாக ஒரு வாசம். ஜெர்மேனியம் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது. அதற்கு ஜோடி தேட மூன்று மாதம் ஆனது.

சில ரேடியோக்களின் முதுகில் எர்த்தை மாற்றிக்கொள்ள ஒரு சின்ன பிளக்கோ ஸ்விட்சோ இருக்கும், அது கிடைத்தால் அதிர்ஷ்டம். சாதாரண வைப்ரேட்டர் உள்ள வால்வு செட்டுக்குப் பொதுவாக எந்த எர்த்தும் சரி. சிங்க்ரோனஸ் வைப்ரேட்டர் என்ற ரகம் மட்டும் கறார், அதைத் திருப்பிச் சொருக வேண்டியிருக்கும். ரேடியோவுக்காகக் காரின் எர்த்தையே மாற்றுவது கடைசி வழி. டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையில் ஒரு தொடுப்புக் கொடுத்துப் புதிய போலாரிட்டி ஏற்ற வேண்டும், இக்னிஷன் காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும், ஆம்மீட்டரையும் அப்படியே. முடியும்தான், நான் செய்ய மாட்டேன்.

அடையாறு: எங்கள் மாமனாரின் 1959 பீட்டில் 6 வோல்ட். 12 வோல்ட் ரேடியோ ஓடுமா?

நேராக ஓடாது மேடம். 6-ஐ 12 ஆக்கும் சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வைத்தால் டிரான்சிஸ்டர் செட் ஓடும். ஆனால் மாமனார் கார், அதுவும் இத்தனை வருஷம் 6 வோல்ட்டாகவே காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால், பொறுத்திருந்து 6 வோல்ட் வால்வு செட்டே தேடுங்கள். அது 6 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும், அதனால் எலியட்ஸ் பீச்சில் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் அப்புறம் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

வில்லிவாக்கம், குரோம்பேட்டை, இன்னும் ஆறு பேர்: சென்னையில் எங்கே கிடைக்கும்?

புதுப்பேட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். போங்கள், ஆனால் அங்கே உடைப்புக்கு வருவது பெரும்பாலும் நேற்றைய கார்கள், அறுபதுகளின் ரேடியோ உங்களுக்காகக் காத்திருக்காது. அங்கே எனக்குக் கிடைத்தது குமிழ்கள், டயல் கண்ணாடி, ஒருமுறை நல்ல ஆன்டெனா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காலை ஏழு மணிக்குள் இருந்தால் வாய்ப்பு உண்டு, பத்து மணிக்குப் போனால் பிளாஸ்டிக் பொம்மைதான். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததோடு நிறைய போய்விட்டது என்று அப்பா புலம்புவார். இன்றைக்கு எனக்கு அதிகம் கை கொடுப்பது காயலான் கடைகளும், வீடு காலி செய்கிறவர்களும்தான்.

வாங்கும்போது வெளிப்பூச்சைப் பார்க்காதீர்கள். டியூனிங் குமிழைச் சுற்றிப் பாருங்கள், முள் நகர்கிறதா? இறுகியிருந்தால் பெரும்பாலும் பழைய கிரீஸ் கெட்டித்திருக்கும், அது பிரச்சினை இல்லை. நகரும்போது நறநறவென்றால் நம் கடல்காற்றின் துரு உள்ளே போய்விட்டது, விலையைக் குறையுங்கள். கடைக்காரர் பேட்டரி வைத்துப் போட்டுக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். நாற்பது வருஷம் தூங்கிய செட்டில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் வறண்டிருக்கும், மெழுகுத்தாள் கண்டென்சர்கள் கசியும். நேராகக் கரன்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். வைப்ரேட்டர் செட்டில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே ஒரு பஃபர் கண்டென்சர் இருக்கும், அதை முதலில் மாற்றிவிட்டுத்தான் நான் ஸ்விட்சையே தொடுவேன். அதே மதிப்பு, 1600 வோல்ட் தாங்குவது, அதில் சமரசம் கூடாது. ரிச்சி தெருவில் கிடைக்கும்.

மயிலாப்பூர்: எனக்கு முன் கார் வைத்திருந்தவர் கேசட் பிளேயருக்காக டேஷ்போர்டை அறுத்துவிட்டார். என்ன செய்ய?

வயிறு எரிகிறது. அது 180க்கு 50 மில்லிமீட்டர் ஓட்டையாக இருக்கும், பின்னாளில் வந்த டின் (DIN) என்ற ஜெர்மன் தர அளவு. பழைய ரேடியோக்கள் இரண்டு பக்கமும் தண்டு நீட்டி நடுவில் டயல் வைத்தவை, அதற்கு இரண்டு வட்ட ஓட்டையும் ஒரு சன்னலும் போதும். நல்ல டிங்கரிடம் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லி, நீங்கள் வாங்கிய ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டை போடுங்கள். ரேடியோ வாங்குவதற்கு முன் ஓட்டை போடாதீர்கள், இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

தாம்பரம்: மாட்டியாகிவிட்டது. எஞ்சின் ஓடாதபோது தெளிவாகப் பாடுகிறது. ஸ்டார்ட் செய்தால் கரகர.

ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து டக்டக்கென வேகமாகிறதா, ஊளை மாதிரி ஏறி இறங்குகிறதா? டக்டக் என்றால் இக்னிஷன். காயிலின் பேட்டரிப் பக்கத்து முனைக்கும் பாடிக்கும் நடுவில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற பாயிண்ட் பக்கம் தப்பித் தவறியும் போடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் நடு வயரில் இரைச்சலை அடக்கும் சப்ரஸர் போடுங்கள். ஊளை என்றால் டைனமோ, பெரிய முனைக்குத்தான் கண்டென்சர், எஃப் முனைக்குக் கூடாது. இரண்டும் செய்து சத்தம் போகவில்லை என்றால் ஆன்டெனா அடியில் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் கொடுத்தீர்களா என்று பாருங்கள், பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேதான்.

ரேடியோவில் ஆன்டெனா சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். டயலின் உச்சியில், 1400-க்குப் பக்கத்தில், மெல்லக் கேட்கிற ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் திருப்புங்கள், சத்தம் கூடுகிற இடத்தில் விடுங்கள். ஆன்டெனா வயர் அறுந்திருந்தால் டிவி கேபிளை ஒட்டாதீர்கள், கார் ஆன்டெனா வயர் வேறு ஜாதி.

முகப்பேர்: 1988 கான்டெசா. நியூஜெர்சியில் இருக்கும் தம்பி அந்தக் காலத்து டிஜிட்டல் கேசட் ரேடியோ கொண்டுவருகிறான். சரியாக இருக்குமா?

காலத்துக்குச் சரி, ஊருக்குச் சரியில்லை. அமெரிக்க செட் ஏஎம்மில் 10 கிலோஹெர்ட்ஸ் தாவும், நமக்கு 9. ஆகாசவாணியின் சென்னை ஏ நிலையம் 720-ல் இருப்பதால் தப்பித்தது. 783 போன்ற எண்ணில் வருகிற நிலையத்துக்கு 780-ல் நின்று கொழகொழவென்றுதான் கேட்க வேண்டும். எஃப்எம்மில் அது 98.3, 98.5 என்று தாவும், 101.4 நடுவில் மாட்டிக்கொள்ளும். சில செட்டுகளின் அடியில் இதை மாற்ற ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு, வாங்குவதற்கு முன் தம்பியிடம் செட்டைக் கவிழ்த்துப் பார்த்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். முள் நகரும் பழைய டயல் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மீட்டரில், அதாவது அலைநீளக் கணக்கில் போட்ட டயலாக இருந்தால் சென்னை ஏ 417 பக்கம் வரும்.

வேளச்சேரி: உள்ளே புளூடூத் வைத்துவிடலாமா? பாவமா?

பாவமில்லை. வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் உள்ளே கொடுத்தால் பழைய குமிழே வேலை செய்யும். இரண்டு வயர்தான், நாளைக்குக் கழற்றினால் தடம் தெரியக் கூடாது. பழைய பலகையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டுக்குள் புதுசு வைப்பவர்கள் உண்டு, அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. பழைய ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், 3 அல்லது 4 ஓம் கேட்கிற செட்டுக்கு அதையே கொடுங்கள்.

ராயபுரம்: சரியான மாடல் கிடைத்தது, ஆனால் செத்துவிட்டது, சரிசெய்ய ஆளில்லை. சும்மா மாட்டி வைத்தால் கேவலமா?

வேலை செய்கிற தப்பான செட்டைவிட அதுவே மேல் அண்ணே. ரிப்பேர் ஆள் என்றைக்காவது கிடைப்பார். அதுவரை உள்ளே போகிற பவர் வயரைத் தனியாகச் சுற்றி டேப் போட்டுவிட்டு, டயல் பல்புக்கு மட்டும் லைன் கொடுங்கள். 2.2 வாட் போதும், அதிகமானால் டயல் வெந்துவிடும்.