ஏற்காட்டில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு மூட்டுவலியைக் குணமாக்குமா, இல்லை ஏமாற்று வேலையா?

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குணமும் ஆகாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் அம்மா சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் முடவாட்டுக்கால் விற்கிறார். நான் சேலத்தில் தாவரவியல் படித்தேன். "விற்கிறவளின் மகள் வியாபாரத்துக்காகத்தானே பேசுவாள்" என்று எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதட்டும்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருக்கோ முட்டி வலி. வலி மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணாகியிருக்கும். யாரோ ஒரு வீடியோவை அனுப்பி, 4448 நோய்க்கும் இதுவே மருந்து என்று சொல்லியிருப்பார்கள். கேள்வியைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. 4448 என்பது சித்த மருத்துவத்தில் நோய்களின் மொத்தத் தொகையாகச் சொல்லப்படுவது. ஒரே செடி அத்தனையையும் தீர்க்கும் என்று எங்கள் மலையில் எந்த வைத்தியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கிழங்கு என்கிறோமே தவிர, இது மண்ணுக்குள் விளைவதில்லை. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணியின் (ஆங்கிலத்தில் ஃபெர்ன்) தண்டு இது. பாறையிலும் பெரிய மரங்களின் கிளையிலும் பற்றிப் படரும். செம்பழுப்பு மயிர் மூடி, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். இதற்கு இரண்டு வித இலைகள். நீளமாகப் பச்சையாக நிற்பது ஒன்று. தண்டோடு ஒட்டிச் சருகாகக் கிடப்பது இன்னொன்று. மேலேயிருந்து விழும் தழையையெல்லாம் அந்தச் சருகு இலைதான் பிடித்துவைக்கிறது. அது மட்கி, செடிக்கு உரமாகிறது. கோடையில் பச்சை இலை உதிர்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று நினைத்து மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். அம்மா வளரும் நுனியைத் தொடவே மாட்டார். பின்பக்கத்துத் தண்டை மட்டும் வெட்டி, நுனியை மரத்திலேயே விட்டுவிடுவார். காட்டை அழிக்கிறீர்கள் என்று இங்கேயே சிலர் எழுதியிருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காலங்காலமாகக் காட்டை நம்பி வாழும் எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்து மலையாளிகள் அல்ல, இந்த மலைவாசிகள்) சிறு வன மகசூல், அதாவது மரம் வெட்டாமல் காட்டில் கிடைக்கும் விளைபொருள், சேகரிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது.

இனி "ஏமாற்று" என்ற சொல்லுக்கு வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் காரை நிறுத்தி, தன் தாயாருக்கு என்று ஒரு கிலோ கேட்டார். அம்மா யாருக்கும் உடனே எடை போட மாட்டார். "ஒரு முட்டியா, இரண்டு முட்டியுமா தம்பி? வீக்கம் இருக்கிறதா? தொட்டால் சுடுகிறதா?" என்று கேட்டார். ஒரு முட்டிதான், சிவந்து வீங்கிவிட்டது, இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருக்கிறது என்றார் அவர். அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார். "இது சூப்புக்கு அடங்குகிற வலி இல்லை சாமி. இன்றைக்கே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்." கீழே என்றால் எங்களுக்குச் சேலம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. விற்பதுதானே உன் வேலை, வைத்தியம் பார்ப்பதா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம், நாள் கடத்தினால் மூட்டே கெட்டுவிடும் என்பது மருத்துவம் படித்தவர்கள் சொல்வது. அம்மாவுக்கு அது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பியவரை ஏமாற்றுக்காரர் என்று யாராவது எழுதினால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

பலன் என்னவென்றால், எலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்தபோது வீக்கமும் வலியும் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பெரணியைச் சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் ஆய்வகத்துச் சாறும் நீங்கள் குடிக்கும் சூப்பும் ஒன்றல்ல. வேலை செய்த அலுப்பு, குளிர்கால உடம்பு வலி, வயதான முட்டியின் பிடிப்பு இவற்றுக்குச் சூடாகக் குடித்தால் இதமாக இருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது.

செய்வது எளிது. மயிரையும் தோலையும் கத்தியால் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது, மயிர் தங்கினால் தொண்டையில் அறுக்கும். உள்ளே வெளிர்பச்சையாக இருக்கும் தண்டைச் சிறு துண்டுகளாக்கி நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு என்று கேட்டால் அம்மா கொடுப்பதே இல்லை.

வாங்க வருவதாக இருந்தால் வார நாளில் வாருங்கள். கோடை விழா சமயத்திலும் சனி ஞாயிறுகளிலும் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் நிற்கின்றன. பிரசவத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் சேலத்துக்கு இறங்க வேண்டிய எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வரிசையில்தான் கிடக்கிறார்கள். போன மே மாதம் என் சித்தி மகள் வலியோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள், முன்னால் ஒரு குடும்பம் வளைவிலேயே காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். இருந்தாலும் மலைக்கு வருகிறவர் என்பதால் சொல்கிறேன்: வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிடுங்கள், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஓரம் கட்டுங்கள்.