ஒன்பதாவது ஓ

கேள்வி: 1980-களில் வாடகை டெக்கில் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்துப் பைத்தியமானவன் நான். அப்போது வாங்கிய கேசட்டுகள் இன்னும் பரண் மேல் இருக்கின்றன. ஒன்பது படங்களையும் விடாமல் பார்த்தேன். 2019-இல் வந்த கடைசிப் படத்தில் கதையை எப்படியோ முடித்துக் கையைக் கழுவிவிட்டார்கள். இன்னும் மனசு ஆறவில்லை. கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
- பழைய ரசிகர், தூத்துக்குடி

பதில்: 'எப்படியோ' என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்து எழுதினீர்களா தெரியாமல் எழுதினீர்களா என்று தெரியவில்லை, உங்கள் நோயின் பெயரே அதுதான். அந்தப் படத்தில் போ டேமரன் என்ற விமானி, 'எப்படியோ பால்படைன் திரும்பி வந்துவிட்டான்' என்று வசனமே பேசுகிறார். பால்படைன்தான் வில்லன் சக்கரவர்த்தி. 1983-இல் வந்த படத்தில் அவனுடைய அடியாள் டார்த் வேடர் தன் மகன் லூக்கைக் காப்பாற்ற அந்தச் சக்கரவர்த்தியை அலாக்காகத் தூக்கிப் பாதாளத்தில் வீசினார். வீசிய கையோடு தன் உயிரையும் விட்டார். பெற்ற மனம், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். 36 வருடம் கழித்துச் செத்தவன் வந்து நிற்கிறான். எப்படி? எப்படியோ. பக்கத்தில் நிற்பவர் 'குளோனிங்' என்று ஏதோ முணுமுணுக்கிறார், அதோடு சரி. அவன் உலகத்துக்கு விட்ட மிரட்டலைக் கேட்க வேண்டுமென்றால், படம் வருவதற்குச் சில நாள் முன்னால் 'ஃபோர்ட்நைட்' வீடியோ கேம் ஆடியிருக்க வேண்டும். அங்கேதான் ஒலிபரப்பினார்கள். நீங்கள் ஆடியிருக்க மாட்டீர்கள்.

'எப்படியோ'வின் வாலில் இருக்கும் ஓகாரத்துக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது: ஒழியிசை, வினா, சிறப்பு, எதிர்மறை, தெரிநிலை, கழிவு, அசைநிலை, பிரிப்பு. (மாதம் தவறாமல் என் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பும் புலவர் கவனிக்க: விரல் விட்டு எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். 'ஐயத்தை விட்டுவிட்டீரே' என்று அடுத்த கடிதம் வரும். வரட்டும்.) இந்த எட்டில் அடங்காத ஒன்பதாவது ஓ ஒன்று உண்டு. கதை எழுதியவருக்கே விஷயம் தெரியாதபோது போடுகிற ஓ. தொடர்கதை வெளியிட்டுப் பிழைத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் உதவி ஆசிரியனாகக் குப்பை கொட்டிய ஒரு பத்திரிகையில், தொடர்கதையின் 14-ஆம் வாரம் வில்லன் கிணற்றில் விழுந்து செத்தான். 22-ஆம் வாரம் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டான். எழுத்தாளரிடம் ஓடினேன்.

"சார், இவன் செத்துப்போயிட்டானே!"

"யார் சொன்னா? அது சித்திரை மாசம். கிணத்துல தண்ணி ஏது?"

"தொபுக்கடீர்னு எழுதியிருக்கீங்களே சார்?"

மனிதர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சேறு இருந்துச்சு."

அந்தச் சேறு 23-ஆம் வாரத்தில் அச்சேறியது. பத்து வரி. சேற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடித்து ஏறினான், கயிறு யாருடையது, எல்லாம் வந்தது. ஒரு வாசகர்கூட வாயைத் திறக்கவில்லை. 2012-இல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த லூகாஸ் ஃபிலிமை வாங்க டிஸ்னி கொடுத்தது சுமார் 405 கோடி டாலர். அவ்வளவு போட்டவர்களுக்கு ஒரு கை சேறு கிடைக்கவில்லை.

ஷெர்லக் ஹோம்ஸையும் 1893-இல் அருவியில்தான் தள்ளினார் கானன் டாயில். வாசகர்கள் விடவில்லை, பத்து வருடம் கழித்து உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் அவர் டாக்டர், ஒழுங்காகக் கணக்குக் காட்டினார். விழுந்தது வில்லன் மொரியார்ட்டி மட்டும், ஹோம்ஸுக்கு மல்யுத்தப் பிடி தெரியும், திரும்பி வந்த காலடித் தடம் இல்லாததற்குக் காரணம் அவர் பாறை மேல் தொற்றி ஏறியது. நம்பினோமா என்பது வேறு விஷயம். நம்மை மதித்துப் பொய் சொன்னார்.

இங்கே நடந்தது, ஆளுக்கொரு அத்தியாயம் எழுதும் பழைய பத்திரிகை விளையாட்டு. கடைசி மூன்று படங்களில் முதலாவதை எடுத்தவர் ஜே.ஜே. ஆப்ரம்ஸ். 2017-இல் இரண்டாவதை எடுக்க ரயான் ஜான்சன் வந்து, கதாநாயகி ரேயின் பெற்றோர் குடிக்கக் காசு வேண்டிப் பெண்ணை விற்ற யாரோ என்றார். எனக்குப் பிடித்திருந்தது. பெரிய வம்சத்தில் பிறக்காமலும் ஒருத்தி வாளைத் தூக்கலாம் என்று இருந்தது. மூன்றாவதுக்குப் பேசியிருந்த காலின் ட்ரெவரோ விலகிக்கொள்ள, மறுபடி ஆப்ரம்ஸ். அவர் ரேயைப் பால்படைனுக்குப் பேத்தியாக்கிவிட்டார். நம் ஊர்க் கட்சி ஆபீஸில் ஒட்டிய போஸ்டர் மாதிரி, எங்கே சுரண்டினாலும் கீழே ஒரு தாத்தா. ஒரே ஒரு நல்ல காரியம்: 1977-இல் வந்த முதல் படத்தில் மற்றவர்களுக்கு மெடல் போட்டபோது சும்மா நின்ற ரோமக்காரக் கூட்டாளி செவ்பாக்காவுக்கு 42 வருடம் கழித்துக் கையில் மெடல் கொடுத்தார்கள். பென்ஷன் அரியருக்கு அலையும் என் ஒன்றுவிட்ட அண்ணனிடம் சொன்னேன். 'உயிரோட இருக்கும்போதே குடுத்துட்டானா!' என்றார்.

சரி, கேசட். தூக்கிப் போடாதீர்கள். முதலில், எங்கள் தெருப் பழைய பேப்பர்காரர் கேசட் எடுப்பதில்லை, நான் முயன்றுவிட்டேன். இரண்டாவது, உங்கள் கடைசிப் படம் கெடுத்ததற்கு முன்பே அந்த 1983 முடிவை, கதையைப் படைத்த ஜார்ஜ் லூகாஸே நோண்டிவிட்டார். 1997-இல் கடைசிப் பாட்டை மாற்றினார். 2004 டிவிடியில், லூக்கின் அப்பா வேடர் ஆவியாக வந்து சிரிக்கும் இடத்தில் நடித்திருந்த வயதான செபாஸ்டியன் ஷாவை எடுத்துவிட்டு இளைஞர் ஹேடன் கிறிஸ்டென்சனை ஒட்டினார். மகன் முகமூடியைக் கழற்றிப் பார்த்த முகம் ஒன்று, ஆவியாக வந்த முகம் இன்னொன்று. உங்கள் பரணில் இருப்பது 1980-களின் கேசட் என்கிறீர்கள். அப்படியானால் அதில் அந்தக் கிழவர்தான் இன்னும் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பூஞ்சை பிடித்திருக்கும், துடைத்துவிட்டு டெக்கில் போட்டுப் பாருங்கள். என்னிடம் ஹெட் கிளீனர் கேசட் ஒன்று இருக்கிறது. இரவல் கிடையாது.