குனிஞ்சு வா

அன்புள்ள அக்கா,

2023 உலகக் கிண்ணக் கூடைப்பந்துப் போட்டிகளை இப்போதுதான் ஒவ்வொன்றாக யூரியூப்பில் பார்த்து முடித்தேன். மூன்று கேள்விகள். வேறு நாட்டுக்காரருக்குக் குடியுரிமை கொடுத்துத் தேசிய அணியில் சேர்ப்பது நியாயமா? அமெரிக்கா தன் பெரிய ஆட்டக்காரர்களை அனுப்பாதபோது அதை உலகக் கிண்ணம் என்று சொல்லலாமா? கடைசியாக, உயரம் இல்லாத எங்களைப் போன்ற ஆட்கள் என்றைக்காவது அங்கே போவோமா? தென் சூடான்காரரைப் பார்த்தால் பெருமூச்சுத்தான் வருகிறது.

(இது வேறு விஷயம்: தங்கச்சி பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் சூட்டர், கோல் போடுகிறவள். 5 அடி 11 அங்குலம். ஏ.எல். சோதனை வருகிறது, உயரமும் கூடிப்போச்சு, இனி விளையாட்டு வேண்டாம் என்று அம்மா மறித்துவிட்டார். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.)

ச., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

முதல் இரண்டையும் கெதியாக முடித்துவிடுகிறேன். 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஓர் அணியில் ஒருவர்தான் இருக்கலாம் என்று விதி உண்டு, அது போதும். அமெரிக்காவுக்காக வந்தவர்களும் அந்த நாட்டுத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் ஆடுகிறவர்கள்தான். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 113–111 என்று தோற்று, அடுத்து கனடாவிடமும் தோற்று நாலாவதாக வந்தார்கள். ஜெர்மனி சேர்பியாவை 83–77 என்று வென்று எடுத்த கிண்ணத்தை, வராதவர்களின் பெயரைச் சொல்லிக் குறைக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதே போட்டியில் ஒகினாவாவில் ஜப்பான் பின்லாந்தை வென்ற ஆட்டத்தைப் பார்த்தீர்களா? பின்லாந்தில் 213 சென்ரிமீற்றர் உயரமான மார்க்கனன். ஜப்பானில் 172 சென்ரிமீற்றர் உயரமான கவாமுரா. எங்கள் சந்தியில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத உயரம். ஜப்பான் 18 புள்ளி பின்னால் கிடந்து எழும்பி 98–88 என்று வென்றது. கவாமுரா தனியே 25 புள்ளி எடுத்தார். அதற்கும் முன்னால், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வெள்ளிப் பதக்கம் எடுத்தார்கள். அந்த அணியின் மச்சிதா 162 சென்ரிமீற்றர். அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக, கூடையில் முடிந்த 18 பந்துகளை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அது ஒலிம்பிக் சாதனை.

தென் சூடானில் உங்கள் கண்ணுக்கு உயரம் மட்டும் தெரிந்திருக்கிறது. 2011இல் பிறந்த நாடு. கூரை போட்ட ஒரு கூடைப்பந்து அரங்குகூட இல்லாமல் அந்த அணி உலகக் கிண்ணத்துக்கு வந்தது. அணியில் பெரும்பாலானோர் அகதிகளாக வேறு வேறு நாடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களின் சம்மேளனத் தலைவர் லுவோல் டெங்கும் சின்ன வயதில் குடும்பத்தோடு எகிப்துக்கு ஓடிப்போய், அங்கேதான் பந்தைத் தொட்டவர். 2024இல் லண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்காவின் பெரிய தலைகள் பலர் இறங்கியும் இவர்களை 101–100 என்றுதான் வெல்ல முடிந்தது. ஊரைவிட்டு ஓடின சனம் என்றால் என்னவென்று தெரிந்த மண்ணில் இருந்துகொண்டு, அவர்களுக்கு வாய்த்தது எலும்புதான் என்று நீங்கள் எழுதலாமா?

சரி, இப்போது அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கதைப்போம். அதை வாசித்தபிறகு எனக்கு இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. எங்களுக்கு உயரம் போதாது என்று மேலே பெருமூச்சு. உயரம் கூடிப்போச்சு என்று கீழே தங்கச்சிக்கு மறியல். இரண்டையும் ஒரே கையால் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. இதை வேறு விஷயம் என்று எப்படிச் சொன்னீர்கள்?

என் அக்காவும் உயரம். எங்கள் பழைய வீட்டு வாசல்நிலை தாழ்வானது. அவளுக்குப் பதின்மூன்று வயதிலேயே நெற்றி இடிக்கத் தொடங்கிவிட்டது. “குனிஞ்சு வா பிள்ளை” என்று அம்மா அடுப்படியில் இருந்தே சொல்லுவா. அது நெற்றிக்காகச் சொன்னது. பிறகு ஒழுங்கையில் போகும்போது, கோயிலில், கலியாண வீட்டில், எல்லா இடத்திலும் அதையே வேறு வேறு ஆட்கள் சொன்னார்கள். பனை, கொக்கு, ஏணி என்று பெயர். 1986இல் அவளும் உங்கள் தங்கச்சியைப் போல வலைப்பந்து சூட்டர். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, கொல்லர் அடித்துக் கொடுத்த வளையம். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் அவள் நிமிர்ந்து நின்றாள். நான் வேலிக்கரையில் புத்தகப் பைகளைக் காத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தம் பேச வந்த ஒருவர், பொம்பிளை உயரம் கூட, விளையாட விட்டால் இன்னும் வளரும் என்றார். அத்தோடு அவளின் விளையாட்டு நின்றது. ஸ்ரூடியோவில் அவளை இருத்தித்தான் படம் எடுத்தார்கள். அவள் நிற்கிற படம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அணியாக எடுத்தது. பின்வரிசையில் நிற்கிறாள். வடிவாகப் பார்த்தால், மற்றப் பிள்ளைகளோடு தலை சமமாக இருக்கவேண்டும் என்று முழங்காலை மடித்துக்கொண்டு நிற்பது தெரியும். 95ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அந்த வீடும் இல்லை, வாசலும் இல்லை. அக்கா இன்னமும் குனிந்துதான் நடக்கிறாள். இப்போது வைத்தியர் அதற்கு முதுகெலும்பு வருத்தம் என்று பெயர் சொல்கிறார்.

வலைப்பந்தில் வளையம் கூடைப்பந்தைப் போலவே 10 அடி உயரம். ஆனால் பந்து பட்டுத் திரும்பப் பின்னால் பலகை கிடையாது. மறிக்கிற பிள்ளை மூன்றடி தள்ளித்தான் நிற்கலாம். அங்கிருந்து எட்டிக் கையை நீட்டுவாள். அந்தக் கைக்கு மேலே பந்தைத் தூக்கி விடுகிறவள் முதுகை நிமிர்த்தாவிட்டால் அவளுடைய உயரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. குனியப் பழகிய பிள்ளையை எந்தப் பயிற்றுவிப்பாளரும் இலேசில் நிமிர்த்த முடியாது.

இதற்காக அமெரிக்காவையும் ஜப்பானையும் பார்க்கத் தேவையில்லை. தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 208 சென்ரிமீற்றர். 2009இலும் 2018இலும் இலங்கை வலைப்பந்தில் ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது வளையத்துக்குக் கீழே நின்றது அவர்தான். 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு ஆட்டக்காரரையும்விடக் கூடுதலான கோல்கள் போட்டதும் அவர்தான். அவரையும் யாராவது குனியச் சொல்லியிருப்பார்கள், நிச்சயமாக.

சோதனை பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஏ.எல். படிப்பு ஒரு பிள்ளையின் நாளில் இருந்து ஒரு மணித்தியாலம் விடாதென்றால், பிழை அந்த ரியூசன் அட்டவணையில் இருக்கிறது. அதைத் திருத்துங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவ பயத்தில் சொல்கிறா. என் அம்மாவும் பயத்தில்தான் சொன்னா. ஆனால் நீங்கள் தமையன், ராத்திரி முழுக்க முழித்திருந்து உலகக் கிண்ணம் பார்க்கிற ஆள். “எனக்கும் சரி என்று படுகிறது” என்று நீங்கள் எழுதினதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தங்கச்சியின் அடுத்த ஆட்டம் எந்த நாள், எந்த மைதானம் என்று எழுதுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் அவளை இருத்திவிடுங்கள், இரண்டு பேரும் கதைக்கட்டும்.

அன்புடன்,
அக்கா