லேபர் வார்டுக்கு வெளியே

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து திருவாரூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். வலி வந்ததும் கிளம்பிவிடுவேன். ஆனால் போய் என்ன செய்வது? "அது பொம்பளைங்க விஷயம், நீங்க வெளியே இருங்க மாப்பிள்ளை" என்கிறார் மாமியார். நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நிறைய இருக்கிறது. என் மூத்த மகள் பிறந்தபோது நானும் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன், பதினோரு மணி நேரம். உள்ளே என் மனைவி துணையில்லாமல் கிடந்ததும், வலியில் கத்தியதற்குத் திட்டு வாங்கியதும் பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

வலி வந்தபின் கிளம்பாதீர்கள். பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பே லீவு சொல்லுங்கள்.

உள்ளே விடுவார்களா என்று மருத்துவமனையில் இப்போதே கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவத் துணைக்கு ஒருவரை அனுமதிக்கும் திட்டம் உண்டு. பெரும்பாலும் பெண் துணைதான். மறைப்பு வசதி இருந்தால் கணவரும் இருக்கலாம் என்று மத்திய அரசு 2016இல் சொன்னது. நாலைந்து பேர் ஒரே அறையில் வலியோடு கிடக்கும் இடத்தில் அது சரிப்படாது. அப்படியானால் அம்மாவா, அக்காவா, யார் உள்ளே வர வேண்டும் என்பதை உங்கள் மனைவியே சொல்லட்டும்.

தலைப்பிரசவத்தில் வலி ஆரம்பித்துக் குழந்தை கைக்கு வர அரை நாள், அதற்கு மேலும் ஆகலாம். அதில் பெரும்பகுதி வீட்டிலும் வராந்தாவிலும்தான் கழியும். அந்த நேரத்தில் உங்கள் மனைவியோடு சேர்ந்து நடங்கள். வலி வரும்போது நின்று உங்கள் தோளில் சாயட்டும். அப்போது கேள்வி கேட்காதீர்கள். முதுகின் அடியில், இடுப்புக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் நன்றாக அழுத்துங்கள். தடவினால் போதாது. இரண்டாவது பிரசவத்தின்போது ஒரு ஆயாம்மா எனக்கு இதைக் காட்டினார். நான் பயந்து பயந்து கை வைக்க, "இன்னும் அழுத்து தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். என் மனைவி அதற்குப்பின் ஒவ்வொரு வலிக்கும் என் கையைத் தேடினாள்.

வலி விட்டதும், டாக்டர் தடுக்காவிட்டால், ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள்; பை நிரம்பியிருந்தால் குழந்தையின் தலை இறங்கச் சிரமம். சொந்தக்காரர்கள் "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்தினால் தடுங்கள். கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் அவருக்குச் சோர்வுதான் மிச்சம். எப்போது முக்குவது என்று நர்ஸ் சொல்வார்.

ஒரு கட்டத்தில் உங்கள் கையைத் தட்டிவிட்டு, "தொடாதே" என்று கத்தலாம். பிரசவம் நெருங்கும்போது பலருக்கும் அப்படித்தான். கையை எடுத்துவிடுங்கள், அங்கேயே இருங்கள்.

அப்புறம், பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். பிள்ளை பெற்றவர், அவருடைய அனுபவமும் வேண்டும். "ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.