வாசகர் கேள்வி–பதில்: சாவைத் தேடிப் போவதுதான் சீடத்துவமா?

கேள்வி: எங்கள் பங்கின் இளையோர் முகாமில் பேசிய ஒருவர், ஆண்டவருக்காகச் சாகத் துணியாதவன் சீடனே அல்லன் என்று முழங்கினார். அதைக் கேட்டு வந்த என் மகன் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதி) தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிட்டு, கிறிஸ்தவர்களைக் கொல்லும் நாடு எதுவோ அங்கே மறைப்பணிக்குப் போகிறேன் என்கிறான். நான் தடுத்தால் அது பாவமாகுமா, ஃபாதர்?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: ஆகாது, அம்மா. உங்கள் மகனின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் அவனுக்குச் சொல்லப்பட்டது திருச்சபையின் போதனையில் பாதிதான், அதுவும் ஆபத்தான பாதி.

ஏறத்தாழ கி.பி. 155ஆம் ஆண்டில் ஸ்மிர்னா நகரின் ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டதை அந்நகரச் சபையார் ஒரு மடலாக எழுதி மற்றச் சபைகளுக்கு அனுப்பினார்கள். அதே மடலில் குயிந்து என்ற ஒருவனைப் பற்றியும் குறிப்பிருக்கிறது. அவன் யாரும் பிடிக்காமலேயே அதிகாரிகள் முன் போய் நின்று, வேறு சிலரையும் தூண்டி உடன் அழைத்துப் போனவன். அரங்கத்தில் விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப்போய், பேரரசனின் பெயரால் ஆணையிட்டுத் தூபமும் போட்டுவிட்டான். தாமாகவே போய்த் தம்மை ஒப்புவிப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்று அம்மடல் அந்த இடத்திலேயே வெளிப்படையாகச் சொல்கிறது. பொலிகார்ப்போ நண்பர்களின் சொல் கேட்டு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கும், பிறகு இன்னொன்றுக்கும் போய்த் தங்கியிருந்தார். காவலர்கள் அங்கும் வந்து சேர்ந்தபோது மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, பசித்திருந்த அவர்களுக்கு உணவும் பானமும் கொடுக்கச் சொல்லி, செபிக்க ஒரு மணி நேரம் மட்டும் கேட்டுக்கொண்டார். ஒளிந்திருந்தவர் புனிதரானார், தேடிப் போனவன் மறுதலித்தான். முகாம்களில் இந்தக் கதையையும் சொன்னால் நல்லது.

அப்படியென்றால் தாமாகவே போய்ச் சரணடைந்த புனிதர்களே இல்லையா என்று உங்கள் மகன் திருப்பிக் கேட்கக்கூடும். கேட்டால், நம் தீவிலிருந்தே பதில் சொல்லுங்கள். 1665இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கி, 1808இல் பினாங்குக்கு வந்து புலாவ் தீக்குஸில் நிலைகொண்ட பொதுக் குருமடத்தில், லாரன்ட் இம்பேர் என்ற பிரெஞ்சுக் குரு சில மாதங்கள் கற்பித்தார். ஜாக் சஸ்தான் என்பவரும் அங்கே ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் இம்பேர் கொரியாவின் ஆயரானார். 1839இல் அங்கே கிறிஸ்தவர்கள்மீதான வேட்டை தொடங்கியது. மறைந்திருந்த வெளிநாட்டுக் குருக்களைக் காட்டிக்கொடுக்கும்படி ஏழை விசுவாசிகள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். தாம் வெளியே வந்தால் அவர்களுக்கு விடிவு பிறக்கும் என்று கருதி இம்பேர் சரணடைந்தார். சஸ்தானையும் மொபான் என்ற மற்றொரு குருவையும் அவ்வாறே செய்யச் சொல்லி எழுதினார். மூவரும் அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

குயிந்துவும் இம்பேரும் செய்தது பார்வைக்கு ஒரே செயல்தான். ஆனால் குயிந்துவின் பின்னால் போனவர்கள் அவனால் ஆபத்தில் மாட்டினார்கள். இம்பேர் தம் மக்களை ஆபத்திலிருந்து மீட்கவே போனார். இன்னொன்றையும் மகன் கவனிக்க வேண்டும். 1820இல் பிரான்சை விட்டுப் புறப்பட்ட இம்பேர், கொரியாவுக்குள் கால் வைத்தது 1837இன் இறுதியில்தான். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி சீனாவின் சிச்சுவான் பகுதியில் மொழி கற்று, பாவசங்கீர்த்தனம் கேட்டு, மாணவர்களை உருவாக்குவதில் கழிந்தது. சாவுக்கு அவர் அவசரப்படவில்லை. ஆகவே மகனை எஸ்.டி.பி.எம். எழுதச் சொல்லுங்கள். அழைப்பு உண்மையானதாக இருந்தால் தேர்வு முடிவு வரும்வரை அது காத்திருக்கும். அதற்குப் பிறகும் ஆவல் குறையவில்லை என்றால், பங்குத்தந்தையிடம் நீங்களே அழைத்துப் போங்கள், அப்போது தடுக்காதீர்கள்.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வராத சரக்குக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட மறுத்தேன். வரவேண்டிய பதவி உயர்வு என்னைவிட இளையவருக்குப் போய்விட்டது. எங்கள் செபக்குழுவில் ஒருவர், “நீங்களும் ஒரு மறைசாட்சிதான்” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் கூச்சமாக இருந்தது. அது சரியா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உங்கள் கூச்சம் நியாயமானது. விசுவாசத்துக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்களுக்கு உரிய மறைசாட்சி என்ற பெயரை நாம் சம்பள உயர்வுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு திருப்பலிக்கு வந்து கார் நிறுத்த இடம் கிடைக்காததையே சிலுவை என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனால் செபக்குழு நண்பர் முழுவதும் தவறாகச் சொல்லிவிடவில்லை. துன்பம் ஒருவரை மறைசாட்சியாக்குவதில்லை, அவர் எதற்காகத் துன்புறுகிறார் என்பதே ஆக்குகிறது என்பது புனித அகுஸ்தீனாரின் தெளிவான நிலைப்பாடு. அந்தக் காரணம் விசுவாச அறிக்கை ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை எழுப்பிய புனித தாமஸ் அக்குவினாஸ், திருமுழுக்கு யோவானை எடுத்துக்காட்டினார். யோவான் இறந்தது, ஏரோது தன் சகோதரனின் மனைவியை வைத்திருப்பது முறையல்ல என்று சொன்னதற்காக. தமிழகத்தில் மறைப்பணி செய்த நம் அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) கதையும் அப்படித்தான். மறவர் நாட்டின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற முன்வந்தபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அருளானந்தர் வலியுறுத்தினார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மறவர் நாட்டு மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அதனால் எழுந்த சினமே 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூர் மணலில் அவருடைய தலை விழும்வரை போனது. பொய்க் கணக்குக்கு மறுப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே, அளவில்தான் வேறு. தம் சிலுவையை நாள்தோறும் சுமக்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தி சொல்லும்போது, இப்படிப்பட்ட செவ்வாய்க்கிழமைகளும் அந்த நாள்களில் அடங்கும்.

விசுவாசத்தோடு கொஞ்சம் புத்தியும் வேண்டும். உங்கள் மறுப்பை எழுத்தில் வையுங்கள். வெளியே சொல்ல வேண்டிய நிலை வந்தால் முகநூலில் எழுத வேண்டாம்; 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் முறையிடுபவருக்கே பாதுகாப்புத் தருகிறது. புறாக்களைப்போல் கபடற்றிருக்கச் சொன்ன அதே வாக்கியத்தில்தான் பாம்புகளைப்போல் முன்மதியோடு இருக்கவும் ஆண்டவர் சொன்னார். பதவி உயர்வு பெற்ற இளையவரிடம் கசப்பைக் காட்டாதீர்கள்; அவர் உங்கள் எதிரி அல்லர்.

கேள்வி: திருமுழுக்குப் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் திருநீறு பூசச் சொன்னால் பேசாமல் பூசிக்கொள்கிறேன். நான் கிறிஸ்துவை மறுதலித்தவளா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: மறைப்பது வேறு, மறுதலிப்பது வேறு, மகளே. 250ஆம் ஆண்டில் பேரரசர் தேசியு, எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது, கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் தலைமறைவாகி, மடல்கள் வழியாகவே தம் மக்களை நடத்தினார். கோழை என்று பழித்தவர்களும் உண்டு. 258இல் அவரே வாளுக்குத் தலை கொடுத்தார். உண்மையிலேயே பலியிட்டவர்களும், காசு கொடுத்துப் பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் பின்னர் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு இனி இடமே இல்லை என்றார் ரோமைக் குரு நொவாசியான். திருச்சபை அவரைப் பின்பற்றவில்லை. தவம் செய்தவர்களை ஏற்றுக்கொண்டது. மூன்று முறை மறுதலித்த பேதுருவின் மேல் கட்டப்பட்ட சபை வேறு எப்படி நடந்துகொள்ள முடியும்?

இருந்தாலும் இதை இப்படியே இழுத்துக்கொண்டு போவது உங்களுக்கு நல்லதல்ல, அப்பாவுக்கும் மரியாதை ஆகாது. 203இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்புகளில், நரைத்த தலையோடு வந்து காலில் விழுந்து கெஞ்சிய தன் தந்தையைப் பற்றி மனம் நொந்து எழுதுகிறார். அவருடைய உறுதியும் அந்த இரக்கமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் அப்பா பேரரசரின் அதிகாரி அல்லர்; தன் மகளை இழந்துவிடுவோமோ என்று அஞ்சப்போகிறவர். முதலில் உங்களைப் புரிந்துகொள்ளும் அத்தையோ சித்தியோ இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். தீபாவளி, தைப்பூசம் போன்ற நாள்களைத் தவிர்த்து, வீடு அமைதியாக இருக்கும் ஒரு மாலையில் அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். வேறு யார் வாயிலாகவும் அவர் அறியக் கூடாது. திருநீற்றைப் பழித்து ஒரு சொல்லும் வேண்டாம். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே உங்கள் ஞானத்தாயோடு பேசி வையுங்கள். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னவர் ஆண்டவரே.

கேள்வி: மேற்சொன்ன புனிதர்களின் திருநாள்கள் எவை?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அருளானந்தருக்கு பிப்ரவரி 4, பொலிகார்ப்புக்கு பிப்ரவரி 23, பெர்பெத்துவாவுக்கு மார்ச் 7, சிப்ரியானுக்கு செப்டம்பர் 16. இம்பேரும் சஸ்தானும் கொரிய மறைசாட்சிகளோடு செப்டம்பர் 20 அன்று நினைவுகூரப்படுகிறார்கள். நம் குருமடத்தில் படித்து, 1853இல் வியட்நாமில் கொல்லப்பட்ட பிலிப் மின் என்ற குருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியட்நாம் மறைசாட்சிகளின் நாள் நவம்பர் 24.