காலித் தட்டிலேயே எடை ஏறுகிறதா? போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: எடையை உணரும் 20 கிலோ லோட் செல்லையும், அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ் 711 போர்டையும் வைத்துத் தராசு செய்தேன். காலித் தட்டிலேயே எண் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. விற்றவர், விலை கூடிய போர்டு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எண் தாறுமாறாகக் குதித்தால் சாலிடரைச் சந்தேகப்படலாம். மெல்ல ஏறுகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம்.

எடை வைத்ததும் லோட் செல்லின் அலுமினியக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய நான்கு ஸ்ட்ரெய்ன் கேஜ்களில் (நீண்டால், சுருங்கினால் மின்தடை மாறும் மெல்லிய பட்டைகள்) இரண்டு நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. நீண்டதில் மின்தடை கூடும், சுருங்கியதில் குறையும். நான்கையும் சதுரமாக இணைத்த சுற்றான பிரிட்ஜ் அந்த வித்தியாசத்தை மின்னழுத்தமாகத் தருகிறது. வோல்ட்டுக்கு 1 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு 20 கிலோவுக்கும் வருவது 5 மில்லிவோல்ட்தான். கிராமுக்குக் கால் மைக்ரோவோல்ட்! கேஜ்கள் தம் மின்னோட்டத்திலேயே சூடாகும்போது இந்த அளவு நகரத்தான் செய்யும். கால் மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் பூஜ்யம் வையுங்கள்.

பொருத்தியதையும் பாருங்கள். ஒரு முனை அடிப்பலகையில், மறுமுனை தட்டில். இரண்டிலும் வாஷர் வைத்து, நடுப்பகுதி எதிலும் படாமல் இருக்க வேண்டும். வயர் தட்டில் உரசினாலும் எடை தப்பும்.

வயர் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். செல்லின் நான்கு வயர்களையும் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரில் ஆறு வயர் ஜோடிகளையும் அளந்து பாருங்கள். இரண்டு ஜோடிகளில் 1000 ஓம் அளவில் வந்தால், மற்ற நான்கில் 750 அளவில் வர வேண்டும். அந்த இரண்டில் ஒன்று சப்ளை, மற்றது சிக்னல்.

மூன்று வயர் சென்சார் என்றால் கதை வேறு. அது பாதி பிரிட்ஜ்தான். மீதிப் பாதிக்குச் சாதாரண ரெசிஸ்டர் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், போடாதீர்கள். அந்த ரெசிஸ்டரும் சூட்டில் நகரும், எதை அளக்கிறோம் என்றே தெரியாது. அதே வகைச் சென்சார் இன்னொன்றையோ, மொத்தம் நான்கையோ சேர்த்துத்தான் பிரிட்ஜை முடிக்க வேண்டும். மூன்று வயர் செல்லை ஒற்றையாக விற்றுவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் கோபம்.

போர்டுக்கு ‘24 பிட்’ என்று செய்யும் விளம்பரத்திலும் மயங்காதீர்கள். அது எண்ணை எத்தனை துண்டாகப் பிரிக்கிறது என்பதுதான், துல்லியம் அல்ல. தேவையான தகவல் செல்லின் மில்லிவோல்ட் அளவும் வெப்ப நகர்வும். அவை இருக்கும் தகவல் தாளைக் கேட்டால் விற்பவர்கள் கையை விரிக்கிறார்கள். தராதவரிடம் அடுத்த செல்லை வாங்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏறினால், இதே போர்டில் வேறொரு செல்லை மாட்டிப் பாருங்கள். அதிலும் ஏறினால் மட்டும் போர்டை மாற்றுங்கள்.