கோடாலித் தைலமும் அரிக்கமேடும்

வணக்கம் சார். புதுச்சேரி போனபோது குடும்பத்தோடு அரிக்கமேட்டுக்கும் போனோம். ரோமானியர் நகரம் என்று பள்ளியில் படித்தது. அங்கே இரண்டு செங்கல் சுவர், மரங்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. இவ்வளவு பெருமையுள்ள இடத்தை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள்? ஒலி ஒளிக் காட்சியாவது வைக்கலாமே? ஞாபகத்துக்கு நாலைந்து பானை ஓடுகள் எடுத்து வந்தோம்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தச் சுவர் ரோமானியர் கட்டியதல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய வீட்டின் மிச்சம். அகழாய்வுக் குழிகளை மண் போட்டு மூடிவிடுவார்கள், மழையில் சரியாமல் இருக்க. ஒலி ஒளியெல்லாம் விடுங்கள்.

என்னை உறுத்துவது 'ரோமானியர் நகரம்'. சில நாட்களாக இதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு ஒரு காலக்கணக்கு வேண்டும் என்பது அவர் கவலை. இத்தாலியின் அரெஸ்ஸோ பாண்டம் எந்தக் காலத்தது என்பது முன்பே தெரியும். அதன் ஓடு கிடைத்த அடுக்குக்கும் வயது சொல்லிவிடலாம். அருமையான வேலை. நாம்தான் அந்த ஓட்டைக் காட்டி ஊரையே ரோமுக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்கள் பாட்டி அலமாரியில் கோடாலித் தைலம் இருந்தால் அது சிங்கப்பூர்க்காரர் வீடா? 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியது. ரோம வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது. தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமி கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அப்புறமும் வெளிநாட்டான் வந்தான் என்றால்தான் நமக்குப் பெருமை!

அம்மாவைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மணி கோத்து விற்றுக் குடும்பம் நடத்தியவள். ரோம வணிகத்தில் வந்த மதுச்சாடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிக்கமேட்டு மணிகள் முன்னால் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தவள், "இவ்வளவு பொடிசுல எப்படிடா துளை போட்டான்?" என்றாள். கல்மணியைத் துளைத்தார்கள், கண்ணாடி மணிக்கு வேறு வழி. உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கினார்கள். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அம்மா பாதியைத்தான் கேட்டாள், நிறங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முடியாத மணி, உடைந்த மணி, கண்ணாடிக் கழிவு எல்லாம் அரிக்கமேட்டில் கிடைத்தவை. விற்க வந்தவன் கழிவைக் கப்பலில் ஏற்றி வரமாட்டான். செய்தவன் அங்கேயே உட்கார்ந்து செய்திருக்கிறான்.

அப்புறம் அந்த ஓடுகள். படித்தவர்தானே நீங்கள்? இடத்தை விட்டு எடுத்த ஓடு பாதி ஊமை. அதையும் ஷோகேஸில் வைத்துப் பூட்டப்போகிறீர்கள். எங்கே எடுத்தீர்கள் என்று எழுதி அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மணிகளைப் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால் அவர்களே உங்களிடம் கேள்வி கேட்பார்கள்.